எர்ணாகுளம் டாக்டர் சொன்னது

மட்டாஞ்சேரி
11 ஆகஸ்ட் 2024

சிரஞ்சீவி ஸுப்ரியாவுக்கு ஜெயா அக்காவின் ஆசீர்வாதம்.

நாங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நாக்பூரில் மழை உண்டா? உன் தலைவலி தேவலையா?

மாதாமாதம் இருபதாம் தேதிக்கு எழுதுகிறவள் இந்தத் தடவை முன்னாலேயே எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. உன் அத்திம்பேருக்கு முழங்கால் வலி கொஞ்சம் அதிகம். படகு ஜெட்டி வரைக்கும் நடந்துவிட்டு வந்தால் மத்தியானம் முழுக்க முனகல்தான். உன் பெண் ஸாதனாவுக்குப் பத்தாம் கிளாஸ். விடிந்தால் டியூஷன், சாயங்காலம் டியூஷன்.

நீ ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறவள் என்பதால் ஒன்று கேட்கிறேன். ஸாதனாவுக்கு இரண்டு கையும் வெடித்து, விரல் மடக்கினால் ரத்தம் கசிகிறது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். மூன்று விதமான சோப்பு மாற்றியாகிவிட்டது. தேங்காயெண்ணெய் தடவினால் தடவின உடனே போய்க் கழுவிவிடுகிறாள். வேறு ஏதாவது களிம்பு உண்டா?

வேறு விசேஷம் இல்லை. அவள் குளியலறையிலிருந்து வரும் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

அக்கா ஜெயலக்ஷ்மி


நாக்பூர்
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு ஸுப்ரியாவின் நமஸ்காரம்.

தலைவலி பரவாயில்லை. அத்திம்பேரை மாடிப்படி ஏற விடாதே.

களிம்பின் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்குச் சில பதில்கள் வேண்டும். குளியலறைக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறாள்? குழாயை மூடின பிறகு மறுபடி திறக்கிறாளா? வெளியே வந்து உன்னிடம் ஏதாவது கேட்கிறாளா? பதில் சொன்ன பிறகும் அதையே கேட்கிறாளா? நோட்டுப் புத்தகத்தில் எழுதினதை அழித்து அழித்து எழுதுகிறாளா?

ஏன் கேட்கிறேன் என்று உனக்குப் புரியும். எனக்கு எட்டு வயசில், வீட்டு மாடிப்படியில் நாலாவது படியை இரண்டு தடவை மிதிக்காவிட்டால் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். முழங்கை வரைக்கும் கழுவுவேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடமெல்லாம், "இத்தனூண்டு வயசுல என்ன மடி, என்ன ஆசாரம் பாருங்கோ!" என்று பெருமைப்படுவாள். பதினாறு வயசில் கழுவுவது குறைந்தது. பதிலுக்கு, கோயிலில் கை கூப்பி நிற்கும்போது சாமியைப் பற்றி அசிங்கமான வார்த்தைகள் மனசுக்குள் வந்தன. கோயிலுக்குப் போவதையே விட்டேன். திமிர் என்று அப்பா அடித்தார். குழந்தை பிறந்தபோது வந்தது என்ன என்று உனக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

போனில் கேட்டால் இரண்டு நிமிஷம்தான். ஆனால் "போன் வேண்டாம், கடிதம் எழுது" என்று நீ அன்றைக்குச் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. குற்றம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை கூப்பிட்டு, "குழந்தை மூச்சு விடறதா பாரு" என்று உயிரை வாங்கினவள் நான்தானே.

ஸாதனாவுக்கு என் முத்தம்.

ஸுப்ரியா


மட்டாஞ்சேரி
15 செப்டம்பர் 2024

சிரஞ்சீவி ஸுப்ரியாவுக்கு ஆசீர்வாதம். இங்கே ஓணம் ஆயிற்று. நீ அங்கே பாயசமாவது வைத்தாயா?

நீ கேட்டதற்கு எல்லாம் எப்படிப் பதில் எழுதுவது? வளர்கிற பெண், குளியலறையில் நேரம் ஆகத்தான் ஆகும். முக்கால் மணி இருக்கும். சில நாள் கூடும்.

கேள்வி கேட்கிறாள், வாஸ்தவம். நேற்று நான் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். "அம்மா, நான் அந்த எலிமருந்து டப்பாவைத் தொட்டேனோ?" என்றாள். "எந்த டப்பா? அது பரண்மேல இருக்கே" என்றேன். "ஒறப்பா? நிச்சயமா? தொட்டுட்டுச் சோத்துப் பானையைத் தொட்டிருந்தா?" "இல்லைடீ." "ஒறப்பா சொல்லு. நீயும் அப்பாவும் செத்துப்போனா நான்தானே கொன்னதாகும்?" அரிசி களைந்து முடிப்பதற்குள் ஒன்பது தடவை கேட்டாள். நானும் ஒன்பது தடவை இல்லை என்றேன். பத்தாவது தடவை கத்திவிட்டேன். பாவம், சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

ஓணப் பரீட்சையில் கணக்குப் பேப்பரில் மூன்று கேள்விதான் எழுதியிருக்கிறாள் என்று கிளாஸ் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். அத்திம்பேர், "டாக்டரைக் காட்டலாம் ஜெயா" என்கிறார். பரீட்சைப் பயம் என்று நான் சொல்லிவிட்டேன். உனக்கு வந்தது வேறு. இவளுக்கு அது இல்லை.

அக்கா


நாக்பூர்
27 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா, நமஸ்காரம். நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

அது வேறு இல்லை. அதேதான். டாக்டரிடம் அழைத்துப் போ. மனநல டாக்டரிடம். தள்ளிப் போடாதே.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆறு வருஷமாக நான் வைத்தியம் செய்துகொள்கிறேன். லேப் சாம்பிள் ஒன்றின் மேல் ஒட்டின பெயரைச் சரிபார்க்க இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டதைப் பார்த்து, எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தியே கூப்பிட்டு விசாரித்தாள். இதற்கு ஓ.சி.டி. என்று பெயராம். மாத்திரை உண்டு. அதோடு, எதற்குப் பயமோ அதைச் செய்துவிட்டுக் கழுவாமல், கேட்காமல், பயம் தானாக இறங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் மாதம் நரகம். அப்புறம் என்னால் அப்படி உட்கார முடிந்தது. முழுக்கப் போகவில்லை. ஆனால் நான் மனுஷியாக நடமாடுகிறேன்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. குழந்தையை விட்டு என்னைத் தள்ளி இருக்கச் சொன்னது எர்ணாகுளம் டாக்டர் என்று சொன்னபோது இந்த டாக்டர் நம்பவே இல்லை. "எந்த டாக்டரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்" என்றாள். அந்த டாக்டரின் பெயர் என்ன அக்கா?

ஸுப்ரியா


மட்டாஞ்சேரி
20 நவம்பர் 2024

சிரஞ்சீவி ஸுப்ரியாவுக்கு ஆசீர்வாதம். பதில் எழுத நாளாகிவிட்டது. நவராத்திரி, அப்புறம் தீபாவளி, அப்புறம் அத்திம்பேருக்கு ஜுரம். இப்போது எல்லாரும் சௌக்கியம். நீ வைத்தியம் செய்துகொண்டது அறிந்து சந்தோஷம்.

ஸாதனாவைப் பிராட்வேயில் ஒரு கடைக்கு அழைத்துப் போய் அவளுக்குப் பிடித்த பச்சையில் சுடிதார் வாங்கினேன். கடையில் துணியைத் தொடவே இல்லை. நான்தான் விரித்துக் காட்டினேன். நாலு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

டாக்டர் பெயர் ஞாபகம் இல்லை. எத்தனை வருஷம் ஆயிற்று!

அக்கா


நாக்பூர்
2 டிசம்பர் 2024

அக்காவுக்கு நமஸ்காரம்.

பெயர் போகட்டும். நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை நீ சுடிதாருக்குக் கீழே எழுதியிருக்கிறாய்.

கிறிஸ்துமஸ் லீவுக்குள் அவளை டாக்டரிடம் காட்டு. இல்லாவிட்டால் நான் ரயில் ஏறி வந்து காட்டுவேன். இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் எதையும் கட்டாயப்படுத்திச் சொன்னதில்லை.

ஸுப்ரியா


மட்டாஞ்சேரி
5 ஜனவரி 2025

ஸுப்ரியா,

எல்லாரும் உடம்புக்குச் சௌக்கியம். டிசம்பர் கடைசியில் ஸாதனாவை அழைத்துப் போனோம். புது டாக்டர், சின்ன வயசுப் பெண். ஸாதனாவிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினாள். அப்புறம் எங்களைக் கூப்பிட்டு, "இவ்வளவு பயப்படறவ யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டா. பயமேதான் வியாதி. வீட்ல எல்லாரும் கூட இருங்க, ஆனா கேக்கறதுக்கெல்லாம் திரும்பத் திரும்ப பதில் சொல்லாதீங்க" என்றாள். அத்திம்பேர் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இதை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன் ஸுப்ரியா. 2009 ஜூன் மாதம். உனக்குக் குழந்தை பிறந்து நாற்பத்தைந்து நாள். அரிவாள்மணையைப் பார்த்தால் என்ன படம் மனசில் வருகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாய். டாக்டரிடம் வந்தால் பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, "நீயே போய்க் கேட்டுண்டு வா அக்கா" என்றாய். படகில் எர்ணாகுளம் போனேன். அந்த டாக்டர் அம்மாள் நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டாள். "பேடிக்கேண்டா" என்று என் பயத்தைத் தணித்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனால் கேட்டவரைக்கும் இது பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு வருகிற வியாதிதான், மருந்து உண்டு, நாளைக்குப் பதினொரு மணிக்கு அழைத்து வாருங்கள், குழந்தையை அம்மாவிடமிருந்து பிரித்துவிடாதீர்கள் என்றாள். நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

வெளியே வந்தேன். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மூன்று கர்ப்பம் தங்கவில்லை. இருபது நாளாகக் குழந்தையை நான்தான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நீ குணமானால் ஆறு மாதத்தில் உன் புருஷன் ரோஹனோடு புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய். நேரே ஜெட்டிக்குப் போகவில்லை. பிராட்வேயில் ஒரு கடைக்குப் போனேன். கவுன் வாங்கினேன். கடைக்காரர் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். "ஒரு வயசு ஆனா போட்டுக்கறாப்பல கொடுங்கோ" என்றேன். அந்த நிமிஷமே தீர்மானமாகிவிட்டது என்று இப்போது தெரிகிறது.

வாசலிலேயே நீ நின்றிருந்தாய். "டாக்டர் என்ன சொன்னா?" என்றாய். "கொஞ்ச நாள் நீ தள்ளி இருக்கறதுதான் குழந்தைக்கு நல்லதாம்" என்றேன். நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உளறியிருப்பேன். அடுத்த வாரம் பெட்டி கட்டினாய். காரணம் சொல்ல முடியாமல் ரோஹனையும் இழந்தாய்.

அத்திம்பேருக்கும் இது தெரியாமலே இருந்தது. போன வாரம்தான் சொன்னேன். மூன்று நாள் என் கையால் சாப்பிடவில்லை.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். என்னை மன்னிப்பாயா?

ஜெயா


மட்டாஞ்சேரி
9 பிப்ரவரி 2025

சிரஞ்சீவி ஸுப்ரியாவுக்கு ஆசீர்வாதம். உடம்பு எப்படி இருக்கிறது? கடிதம் வந்து சேர்ந்ததா?

ஸாதனா மாத்திரை சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் சொன்னபடி வைட்டிலா பஸ் ஸ்டாண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கழுவக் கூடாது. முதல் நாள் நடுங்கினாள். நேற்று, அதே கையால் பழம்பொரி வாங்கித் தின்றாள். பார்த்துக்கொண்டிருந்த அத்திம்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோபமா? திட்டியாவது எழுது. ஒரு வரி போதும்.

ஜெயா


மட்டாஞ்சேரி
6 மார்ச் 2025

ஸுப்ரியா, நீ சௌக்கியமா? அது மட்டும் தெரிந்தால் போதும். பரீட்சை ஆரம்பித்துவிட்டது. முதல் பேப்பர் முழுக்க எழுதினாளாம். மன்னித்தாயா இல்லையா என்று ஒரு வரி எழுது.

ஜெயா


நாக்பூர்
30 மார்ச் 2025

அக்கா,

உன் ஜனவரிக் கடிதத்தைப் பதினாலு தடவை படித்தேன். பதினைந்தாவது தடவை எடுத்தபோது, இது படிப்பது இல்லை, என் வியாதி என்று தெரிந்தது. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பத்து வருஷம் என் வீட்டில் கத்தி கிடையாது. கீரையைக் கையால் கிள்ளிப் போடுவேன். பூசணிக்காய் வாங்கினால் கடையிலேயே வெட்டித் தரச் சொல்வேன். ரயிலில் எதிர் சீட்டில் யாராவது குழந்தையோடு வந்து உட்கார்ந்தால் எழுந்து கதவோரம் போய் நிற்பேன். லேபில் கூட வேலை செய்கிறவளின் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று, "கொஞ்சம் பிடியேன்" என்று நீட்டினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. இதெல்லாம் ஒரு டாக்டர் சொன்ன வார்த்தைக்காக என்று நினைத்திருந்தேன். யாரும் சொல்லாத வார்த்தைக்காக.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். எனக்குத் தேவலையாகி, கடைக்குப் போய் ஒரு கத்தி வாங்கின அன்றைக்கே நான் மட்டாஞ்சேரிக்கு வந்திருக்க வேண்டும். அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. வரவில்லை. அக்காவின் வீட்டை வெறுமையாக்க மனசு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் என்னைப் பார்த்து, "இப்போ எதுக்கு வந்தே?" என்று கேட்டுவிடுவாளே என்று பயம். அந்த ஆறு வருஷத்தை உன் தலையில் போட மாட்டேன். அது என்னுடையது.

மூன்று கடிதத்திலும் மன்னித்தாயா, கோபமா என்று கேட்டிருக்கிறாய். மன்னித்தேன் என்று எழுதினால் உனக்கு ஒரு வாரம் தாங்கும். அப்புறம் நிஜமாகவா என்று கேட்பாய். இந்தக் கேள்வியும் பதிலும் எப்படிப் போகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால் எழுத மாட்டேன். மன்னிக்கவில்லை என்றும் எழுத மாட்டேன். பதில் இல்லாமல் இரு.

உங்களுக்குப் பக்கத்திலேயே, ஆலுவாவில் ஒரு லேபில் வேலை கிடைத்திருக்கிறது. மே மூன்றாம் தேதி அங்கே ரயிலிறங்குகிறேன். அதற்குள் ஸாதனாவிடம் நடந்ததைச் சொல்லிவிடு. நீயே சொல்ல வேண்டும். அத்திம்பேரைச் சொல்ல வைக்காதே. என்னையும் சொல்ல வைக்காதே.

ஸுப்ரியா


மட்டாஞ்சேரி
24 ஏப்ரல் 2025

ஸுப்ரியாம்மாவுக்கு ஸாதனா எழுதுகிறேன்.

எனக்குச் சுகம். உங்களுக்கும் சுகம்தானே? மலையாளம் என்றால் வேகம் எழுதுவேன். தமிழ் எழுத்து மொபைலில் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். அழித்து எழுதக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் தப்போடேயே அனுப்புகிறேன்.

விஷுவுக்கு மறுநாள் அம்மா என்னை உட்கார வைத்து எல்லாம் சொன்னாள். நான் கத்தினேன். "நீ என் அம்மாவே இல்லை" என்று சொன்னேன். அவள், "செரி" என்று மட்டும் சொன்னாள். ஒன்பது நாள் அவளிடம் மிண்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குக் காலை அப்பாவுக்குச் சாயா கொடுக்கும்போது எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தாள். குடித்தேன்.

உங்களுக்கு உள்ளதுதான் எனக்கும் என்று கேட்டபோது சங்கடம் தோன்றவில்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. எனக்கு மாதிரி வேறொருத்தி உண்டு என்று தோன்றியது.

எனக்கு ஒரு காரியம் கேட்கணும். சின்ன வயசில் பிள்ளைகள் உன் சொந்த அம்மா எங்கே என்று கேட்பார்கள். தூரத்தில் ஜோலி என்று சொல்வேன். ஆனால் நான் ஏதோ தப்பு செய்ததால்தான் நீங்கள் போனீர்கள் என்று மனசில் இருந்தது. கைக்குழந்தை என்ன தப்பு செய்யும் என்று தெரியும். ஆனாலும் இருந்தது. அது இல்லை என்று இப்போது தெரிகிறது. நீங்கள் வாயால் சொல்லிக் கேட்கணும். ஒரு தடவை மட்டும் போதும். டாக்டரிடம் கேட்டேன். ஒரு தடவை கேட்கலாம் என்றாள்.

ஆலுவா ஸ்டேஷனுக்கு நான் தனியாக வருவேன்.

ஸாதனா


மட்டாஞ்சேரி
7 ஜூன் 2025

சிரஞ்சீவி ஸுப்ரியாவுக்கு ஜெயாவின் ஆசீர்வாதம். எனக்கும் அத்திம்பேருக்கும் உடம்பு பரவாயில்லை.

ஆலுவாவுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. நேரில் சொல்ல வாய் வராது. போன மாதம் நீ வந்து ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனாய்.

பிளஸ் ஒன்னுக்கு ஆலுவாவிலேயே சேருகிறேன், சனி ஞாயிறு இங்கே வருகிறேன் என்று ஸாதனா சொல்லிவிட்டாள். அவள் சொல்லும்போது நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அத்திம்பேரிடம் கேட்டேன், "மாறித்து, ஆனா அவ பாக்கலை" என்றார். இன்று காலை இரண்டு பையோடு புறப்பட்டாள். வைட்டிலாவில் பஸ் மாறி வருவாள். வாசலில் நின்று, "போய்ச் சேந்ததும் கூப்பிடு" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதை எழுதுகிறேன். வலது காதில் தண்ணீர் போனால் அவளுக்கு இரண்டு நாள் வலி இருக்கும். மூன்று வயசிலிருந்து அப்படி. பசிக்கவில்லை என்றால் நம்பாதே, தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடு, சாப்பிடுவாள். பாகற்காய் பிடிக்காது, ஆனால் கப்பைக் கிழங்கோடு வைத்தால் தெரியாமல் தின்றுவிடுவாள். மாதத்தில் முதல் நாள் வயிற்று வலியில் எரிந்து விழுவாள், பதில் பேசாதே. இடி இடித்தால் பயம், ஆனால் பயம் என்று சொல்ல மாட்டாள், சும்மா ஏதாவது கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள். முதன் முதலில் அவள் பேசின வார்த்தை "காக்கா". முதலடி எடுத்து நடந்தது பதினோராம் மாதம், கூடத்தில், ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு உனக்கு எழுதின கடிதத்தில் மழையைப் பற்றி எழுதினேன், இதை எழுதவில்லை.

பாத்திரம் தேய்க்கும்போது பாடுவாள். நன்றாகப் பாடுவாள். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள். நீ பக்கத்தில் போகாதே. அடுத்த அறையில் நின்று கேள்.

ஜெயா